கட்டைவிரல் நீளக் குமிழி

“நின்னுடுச்சு” என்று மேஸ்திரியின் மனைவி குரல் கொடுத்தபோது தண்ணீர் நின்றுதான் இருந்தது. அதில் பொய் இல்லை. தெருமுனைத் தூணில், கடல் ஏறக்கூடிய உயரம் இது என்று ஆபீஸ்காரர்கள் இழுத்துவிட்டுப் போயிருந்த சிவப்புக் கோட்டுக்கு நேராக, அவள் கையிலிருந்த, மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் ட்யூபுக்குள் தண்ணீர் வந்து சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அவள் இடுப்புக்குப் பக்கத்தில், ட்யூபுக்கு உள்ளே, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தது. மற்ற எட்டு வீடுகளையும் அளந்தபோது இல்லாத குமிழி. விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் மேலேறிப் போய்விடும். அவள் தட்டவில்லை. தெருவின் அந்தக் கோடியில், கடைசி வீட்டுச் சுவரில், மறுமுனையைப் பிடித்திருந்த மேஸ்திரி குனிந்து பென்சிலால் கோடு கிழித்தார்.

ட்யூபில் காற்று இருந்தால் தண்ணீரும் பொய் சொல்லும். கொத்துவேலையில் முதல் நாளே தெரிந்துகொள்கிற சங்கதி. குமிழி அவள் பக்கம் இருந்ததால், அவர் கிழித்த கோடு ஒரு கட்டைவிரல் கீழே இறங்கிவிட்டது. கடைசி வீட்டு வாசற்படி கோட்டுக்கு அரைவிரல் மேலே தப்பித்து நின்றது. கோட்டுக்குக் கீழே படி இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு மேட்டுக் குடியிருப்பில் புது வீடு, பழையதை இடித்துவிடுவார்கள். மேலே இருக்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் பத்து நாளில் பட்டியலை மூடியபிறகு, காலில் விழுந்தாலும் மேட்டில் இடம் கிடையாது.

அந்தக் கடைசி வீட்டில் இருப்பவள் மேஸ்திரியின் அக்கா, தையல்காரி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பக்கத்து வீட்டுக்கு மேஸ்திரியின் மனைவி வாழவந்த நாளிலிருந்து, இருபது வருஷமாக, நடுச்சுவரின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். ஊறவைத்த துணிக்கு, உடைந்த குடத்துக்கு, ஒன்றுமே இல்லாத நாளில் ஒன்றுமே இல்லாததற்கு. தன் வீட்டுப் படியை இரண்டு செங்கல் உயரம் தூக்கிக் கட்டிய கையோடு அக்கா வீட்டையும் தூக்குகிறேன் என்றார் மேஸ்திரி. “வேண்டாம்டா. கடல் வந்தா உக்காருன்னு சொல்லப்போறேன், போனா பெருக்கிவிடப்போறேன். உன் பெண்டாட்டி வந்தாத்தான் தொந்தரவு” என்று அவள் சொன்னது சுவரைத் தாண்டி நன்றாகவே கேட்டது.

அந்தத் தெருவில் கடிகாரம் பார்த்து யாரும் எதுவும் செய்வதில்லை. தண்ணி இறங்கினதும் வரேன் என்பார்கள். தண்ணி ஏறறதுக்குள்ளே பேசி முடிச்சிடலாம் என்பார்கள். செருப்பை வாசலில் விடாமல் ஆணியில் மாட்டுவார்கள். சோப்பு நுரைக்காது. உப்பு சுவரில் இடுப்புவரை ஏறிப் பூத்திருக்கும். அதைச் சுரண்டி வெள்ளையடித்தால் மறுமாதம் அதே இடத்தில், அதே உருவத்தில் திரும்ப வரும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் தெருவுக்குள் ஓசையில்லாமல் நடந்துவந்து, ஒவ்வொரு வாசலிலும் எட்டிப்பார்த்துவிட்டு, கடைசி வீட்டுக்குள் மட்டும் உரிமையோடு நுழையும்.

பட்டியல் மூடுவதற்கு முந்தின நாள் பௌர்ணமி ஏற்றம். விடிந்து வெகுநேரம் ஆகியும் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் சத்தம் இல்லை. திட்டுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று கொஞ்சநேரம் சுவரோரம் நின்று கேட்ட மேஸ்திரியின் மனைவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கதவு திறந்தே கிடந்தது. வெட்டிப் போட்ட துணித்துண்டுகள் தண்ணீரில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு சட்டைக் கை மட்டும் யாரையோ தேடுவதுபோல நீண்டு நீண்டு போனது. கூரையில் வெளிச்சம் அலையடித்தது. தையல்காரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவைவிடத் தாழ்ந்த அந்தத் தரையில் அவள் கால்கள் கெண்டைக்கால் வரை கடலில் இருந்தன. விரல்கள் வெளுத்துச் சுருங்கி, அவளுடையவையே அல்லாதவைபோல, தண்ணீருக்கு அடியில் வேறெங்கோ இருந்தன. அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் மேஸ்திரியின் மனைவியைக் கலக்கியது. இத்தனை குளிர் காலைக் கவ்வியிருக்கிறது, தெரியவில்லையே.

இரண்டு காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். தையல்காரி கண்ணைத் திறந்தாள்.

“என்ன, சண்டைக்கு இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டே?”

“அண்ணி, அன்னிக்கு அளந்தப்போ ட்யூப்ல குமிழி இருந்துச்சு.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“எட்டு வீட்டுக்கும் ‘நின்னு…டுச்சு’ன்னு இழுத்து இழுத்துச் சொன்னே. என் வீட்டுக்கு மட்டும் வெடுக்குன்னு முடிச்சுட்டே. இருபது வருஷமா உன் குரல்தானே என் காதுல விழுது.”

“தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை?”

“நீ ஏன் தட்டலை?”

மேஸ்திரியின் மனைவி கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சூடு வருவேனா என்றது. “மேட்டுல நல்ல வீடாம்” என்றாள் கடைசியில். “சுவர் எல்லாம் காஞ்சு கிடக்குமாம்.”

“அந்தக் காஞ்ச சுவருக்கு அந்தப்பக்கம் யார் இருப்பா?”

“யாராவது இருப்பாங்க. சண்டை போடத் தெரிஞ்சவங்களா பாத்து வெக்கச் சொல்றேன்.”

தையல்காரி சிரித்தாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சுவரில் தான் கிழித்த கோட்டைப் பார்த்தார். தண்ணீர் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

“முப்பது வருஷ வேலையில ஒரு சுவர் சாஞ்சதில்லை” என்றார், யாரையும் பார்க்காமல். போய் ட்யூபை எடுத்துவந்தார். நிரப்பக் குடத்துக்குப் போகவில்லை, அக்கா வீட்டுத் தரையில் நின்ற கடலையே வாயால் உறிஞ்சி ட்யூபில் ஏற்றி, உப்பைத் துப்பினார்.

“கொடு இங்கே” என்று கைநீட்டினாள் தையல்காரி. “என் வீட்டு அளவை நான்தான் பிடிப்பேன்.”

கணுக்கால் தண்ணீரில் ட்யூபின் மறுமுனையை இழுத்துக்கொண்டு மேஸ்திரியின் மனைவி தெருமுனைவரை நடந்தாள். வழியெல்லாம் தட்டிக்கொண்டே போனாள். சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி உடைந்தன. தூணின் சிவப்புக் கோட்டில் ட்யூபை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்க வானம் கிடந்தது. அதன் கோடியில், ட்யூபை நிலையோடு சேர்த்துப் பிடித்தபடி தையல்காரி சிறிய உருவமாக நின்றாள். இருவருக்கும் நடுவே ஒரே தண்ணீர், நீண்டு, கண்ணுக்குத் தெரியாமல்.

அது ஏறியது. இறங்கியது. இங்கே ஒரு விரல் ஏறினால் அங்கே ஒரு விரல் இறங்கியது.

“என்ன ஆச்சு?” என்று அங்கிருந்து குரல் வந்தது. “சொல்லேன்.”

“இருங்க அண்ணி” என்றாள் அவள். “இன்னும் ஆடுது.”