சூடு காட்டாத கண்ணாடி

வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை ஹில்டா ஸ்பிரிட் விளக்கில் காட்டி, சூடு பதமா என்று தன் புறங்கையில் ஒற்றிப் பார்த்தாள். அப்படிச் செய்யாவிட்டால் மூச்சு பட்டு மங்கிவிடும். நாற்காலியில் ஸ்டானிஸ்லாஸ் கால் நீட்டிச் சாய்ந்திருந்தான். ஹார்பரில் சரக்கு இறக்குகிறவன். கல்மண்டபம் பக்கத்தில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. அங்கே பல் சுத்தம் செய்கிற ஹில்டாவை மாதா கோயிலில் பார்த்துப் பழக்கம்.

"பல்ல நல்லா வெள்ளையடிச்சு வுடு ஹில்டா. ஞாயித்துக்கெயம எண்ணூர்ல பொண்ணு பாக்கப் போறோம். நான் சிரிச்சா ஹார்பர் கக்கூஸ் மாரி கீதுன்றா எங்கம்மா."

"பொண்ணு யாரு?" இது நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ரோசின்னு பேரு. டீச்சரு."

கேட்க வேண்டியதைக் கேட்டாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, சின்ன வயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததா.

"பல்லு தேய்க்கறப்ப ரத்தம் வருதா?"

"ரத்தத்த மேஸ்திரி குடிச்சிக்கினு கீறான். அப்பால எங்கேர்ந்து வரும்?"

பல்லைத் தொடும் முன் ஆளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரல்களால் தடவினாள். கோயிலில் லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்த நாளிலிருந்து அவன் பாட்டுக் குழுவில் முன்னால் நிற்கிறான். பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்து அவள் பார்த்ததெல்லாம் இந்தக் கழுத்தைத்தான். குரல் உயரும்போது அதில் ஒரு நரம்பு புடைக்கும். இப்போது அது அவள் விரலுக்கு அடியில் நிதானமாகத் துடித்தது. தன்னுடைய துடிப்பும் அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று கையை எடுத்துக்கொண்டாள். நெறி இல்லை.

உதடு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு எல்லாம் பார்த்தாள். பற்களின் வெளிப்பக்கம் லேசான மஞ்சள்தான். உள்பக்கம் கரியாக இருந்தது. பீடி பிடிக்கிறவர்களுக்குக்கூடக் கறை உள்ளே இவ்வளவு அப்பியிருக்காது. கண்ணாடியை மேலே திருப்பினாள். மேல்வாய் வெளுத்துத் தடித்திருந்தது. அந்த வெளுப்பில் சிவப்புப் பொட்டுகள். பின்னால் ஓரிடத்தில் மட்டும் சொரசொரவென்று ஒரு திட்டு.

"சுருட்டத் திருப்பி வெச்சா பிடிக்கிறீங்க? நெருப்பு உள்ள போற மாதிரி?"

அவன் சிரித்துவிட்டான். "கந்தகம் எறக்கற எடத்துல நெருப்புப் பொறி தெரிஞ்சா வேல பூடும். உள்ள வெச்சுக்கினா எவனுக்கும் தெரியாது, காத்துக்கும் அணையாது. நீ இன்னா, சிஐடியா?"

"காரம் பட்டா எரியுதா?"

"ஒண்ணுமே தெரில. கொதிக்கிற டீய அப்டியே ஊத்திப்பேன். தோஸ்துங்க பந்தயம் கட்டுவானுங்க."

"டாக்டர் பாக்கணும்."

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "ஞாயித்துக்கெயம தாண்டட்டும் ஹில்டா. வாய்ல இன்னாவோ கீதுன்னு தெரிஞ்சா எவனும் பொண்ணு தரமாட்டான். நீ பாக்கலன்னு நெனச்சுக்கோயேன்."

டாக்டர் தேவப்பிரியம் பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு வரை நடந்தாள். அப்போதுதான் அந்த நினைப்பு உள்ளே எட்டிப் பார்த்தது: பெண் பார்ப்பது நின்றுவிடும். வெட்கங்கெட்ட ஒரு சின்ன சந்தோஷம். ஹில்டாவுக்குக் காது சுட்டது. இதற்காகவா டாக்டரைக் கூப்பிடப் போகிறோம்? அப்படியானால் சும்மா இருப்பதுதான் யோக்கியமா? திரும்பி அவனைப் பார்த்தாள். கழுத்தில் கட்டிவிட்டிருந்த துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஆசைப்பட்டாலும் படாவிட்டாலும் அந்தத் திட்டு அங்கேதான் இருக்கும். கதவைத் தட்டினாள்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஆனா துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். திங்கட்கிழமை வா. சுருட்டு இன்னியோட சரி." ஹில்டாவிடம், "அந்த இடத்துல படாம பல்ல சுத்தம் பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டானிஸ்லாஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஹில்டாவைக் கேட்டான்.

"ஞாயித்துக்கெயம நான் போலாமா?"

போக வேண்டாம் என்று அவள் சொன்னால் போகமாட்டான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவள் கருவிகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். வைத்ததையே மறுபடியும் எடுத்து வைத்தாள்.

"போங்க. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா எவ கட்டிக்குவா?"

வெளியே ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அவன் கேட்டதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. கப்பல் ஊதி ஓயும் வரை பொறுத்திருந்தாள்.

"வாயத் தொறங்க" என்றாள்.

திறந்தான். கண்ணாடியை விளக்கில் காட்ட மறந்துபோயிருந்தாள். அவன் மூச்சு பட்டதும் அது வெளுத்துப்போனது. பல் தெரியவில்லை, மேல்வாய் தெரியவில்லை. அவள் அதைத் துடைக்கவில்லை. அடுத்த மூச்சும் வந்து அதன்மேல் படிந்தது.