பாரூக் நடத்திய கடல்கொள்ளை

"கடல்ல கொள்ளை அடிக்கோணும்னா என்னென்ன சாமான் வேணுங்க, சகாயராஜ்?"

நூல் ஏஜென்ட் பாரூக் இப்படிக் கேட்டதும் சகாயராஜ் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். சகாயராஜுக்குத் தூத்துக்குடி. திருப்பூர் நல்லூரில் பாரூக்கின் குடோனுக்கு எதிரே பனியன் செக்கிங், பேக்கிங் எடுத்துச் செய்கிறார். கடற்கரையில் பிறந்த பாவத்துக்கு மனுஷன் இதற்கெல்லாமா பதில் சொல்ல வேண்டும்?

"என்ன பாய் கேக்கிய? எங்க அப்பா கடல்ல மீன்தான் புடிச்சாவ. கொள்ளையெல்லாம் அடிக்கல."

"அட, வெளையாட்டுக்குத்தாங்க."

"விளையாட்டுக்குக் கொள்ளை அடிப்பியளா?"

பாரூக்குக்கு மேற்கொண்டு விளக்கத் தெரியவில்லை. விளக்குவதற்கு முதலில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டுமே. "செரி உடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடோனுக்கே திரும்பிவிட்டார்.

விஷயம் இதுதான். பாரூக்கின் ஒரே மகள் சனோபர் அவரோடு பேசுவதில்லை. கம்பெனி ஒன்றில் டிசைனராக இருக்கும் பெண். கொச்சியில் நல்ல வேலை ஒன்றுக்கு இன்டர்வியூ போய் வந்திருந்தாள். தேர்வாகிவிட்டாள் என்று சொல்ல அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டபோது அவள் போன் கிடைக்கவில்லை, அவள் எழுதிக் கொடுத்திருந்த அப்பாவின் நம்பருக்குக் கூப்பிட்டார்கள். "பொண்ணு வராதுங்க, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று பாரூக் வைத்துவிட்டார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்த நாளில் சனோபர் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

அதிலிருந்து வீட்டில் எல்லாமே பாரூக்கின் மனைவி ஷமீமா வழியாகத்தான். பாரூக் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "அம்மா, கேஸ் சிலிண்டர்காரர் வந்துட்டுப் போனாருன்னு அத்தாகிட்டச் சொல்லுங்க" என்பாள் மகள். ஷமீமாவும் பாவம், அதைத் திருப்பி ஒருமுறை சொல்வாள். பாரூக் வளையல் வாங்கிப் பார்த்தார், புதுப் போன் வாங்கிப் பார்த்தார். பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, பெரிய பிடிவாதக்காரி. அவருடைய மகள்தானே.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் சனோபரும் கூட வேலை செய்யும் விஜயராணியும் ஹாலில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஆடும் ஏதோ விளையாட்டு நின்றுபோயிருந்தது. அடுத்து கடல்கொள்ளைக்காரர் கதை ஆடலாம் என்றால் அதற்கு ஒரு மெட்டீரியலும் இல்லை, நடத்திக்கொண்டிருந்த பையனும் துபாய் போய்விட்டான். மெட்டீரியல் இல்லை என்றதும் பாரூக்குக்குக் காது நிமிர்ந்தது. ஊரில் யாருக்கு எந்தத் தடிமனில், எந்தக் கவுண்ட் நூல் இல்லையென்றாலும் தேடிப் பிடித்துக் கொடுப்பவர் அவர்.

விஜயராணியை வாசலில் மடக்கினார்.

"அது என்ன வெளையாட்டு கண்ணு?"

"ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்குவோம் அங்கிள். பழைய காலத்துப் பாய்மரக் கப்பல், கொள்ளைக்காரங்க, அப்படி. ஒருத்தர் கதைய நடத்துவாங்க. நாங்க எங்க வேஷத்துல இருந்து பேசுவோம். ஒரு காரியம் நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா டைஸ் உருட்டுவோம்."

"கடைசில யாரு ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்பறம் எப்ப முடியும்?"

"அது வருஷக்கணக்கா ஓடும் அங்கிள்."

ஜெயிக்கவும் ஆள் இல்லை, முடியவும் முடியாது. படித்த பிள்ளைகள் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாரூக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விதிப் புத்தகம், கப்பலின் வரைபடம், கடல் மேப், இருபது பக்கம் உள்ள டைஸ்.

ஸ்டேஷனரிக் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "டைஸுக்கு ஆறு பக்கந்தானுங்க வரும்" என்றார். கடைசியில் அது கூரியரில் வந்தது, சுண்டைக்காயைச் செதுக்கி எண் எழுதினாற்போல. விதிப் புத்தகங்கள் நெட்டில் கிடைத்தன. ஒன்றல்ல, நாலு. எது சரியானது என்று தெரியாமல் நாலையும் பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்தார். நூல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அகராதியோடு படித்தார். ஒரு புத்தகம் முதலில் காற்றைப் பார் என்றது, இன்னொன்று காற்றே வேண்டாம், பீரங்கியைச் சுடு என்றது. மூன்றாவது, கப்பல் தலைவனை வேலையாட்களே ஓட்டுப் போட்டு வைப்பார்கள், பிடிக்காவிட்டால் இறக்கிவிடுவார்கள் என்றது. அதெப்படி? அப்புறம் எதற்கு அவன் தலைவன்? அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். நாலாவது புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருந்தது.

மேப் மட்டும் தன் கைக்குள் அடங்கிய வேலை என்று நினைத்தார். பிரின்டிங் யூனிட் வைத்திருக்கும் தனபாலிடம் கொண்டுபோனார்.

"எந்த பையருக்குங்க இந்த டிசைன்?"

"ஊட்டுக்குத்தான். நல்ல சிங்கிள் ஜெர்சியாப் பாத்துப் போடு."

பனியன் துணியில் கடல் அழகாகத்தான் வந்தது. திருப்பூர்க்காரனுக்குத் துணி என்றால் பனியன் துணிதானே, வேறென்ன தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டு ஓரமாக நின்றார். விஜயராணி வாயைப் பிளந்தாள். சனோபர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. பாரூக்குக்கு அதுவே போதும் போலிருந்தது.

"நடத்த ஆள் இல்லையே. நீங்களே நடத்துங்க அங்கிள்" என்றாள் விஜயராணி.

"நானா?" என்றவர் மகளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

ஆள் பற்றவில்லை என்று ஷமீமாவையும் இழுத்து உட்கார்த்தினார்கள். கப்பல் சமையல்காரி என்றதும், "அதான் ஊட்டுலயே பண்றனே. நான் பீரங்கியப் பாத்துக்கறேன்" என்றுவிட்டாள் அவள்.

முதல் பயணத்திலேயே குழப்பம். துணியின் ஓரம் சுருண்டு ஒரு தீவை மறைத்தது. விரலால் அளந்தால் துறைமுகம் மூன்று நாள் பயணம், விஜயராணி துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் ஐந்து நாள். துணி சுருளாமல் இருக்கத் தண்ணீர் டம்ளர்களை நாலு மூலையிலும் வைத்தார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பாரூக் ஒரு புத்தகத்தில் தேட, பீரங்கிக்காரி அதற்குள் சொந்தக் கப்பலிலேயே ஓட்டை போட்டுவிட்டாள். ஒருவழியாக ஒரு தீவில் நங்கூரம் போட்டார்கள்.

"கேப்டன்" என்றாள் சனோபர்.

பாரூக் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் அங்கிள். கதை நடத்துறவங்கதான் கேப்டனாவும் பேசணும்" என்றாள் விஜயராணி.

"சொல்லு கண்ணு" என்றார். 

"வேற ஒரு கப்பல்ல என்னைய வேலைக்குக் கூப்பிட்டாங்களாமே. உங்ககிட்டத்தான் ஆள் அனுப்பிக் கேட்டாங்களாம். நீங்க என்னங்க சொல்லி அனுப்புனீங்க?"

பாரூக் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். நாலு புத்தகத்திலும் இப்படி ஒரு கட்டம் இல்லை. "இது எந்தப் பக்கத்துல வருது?" என்று விஜயராணியிடம் கேட்டார். அது புத்தகத்தில் இருக்காது என்றாள் அவள்.

மகள் பேசியது தன்னிடமா, கேப்டனிடமா? அவள் பார்வை துணிக்கடலிலேயே இருந்தது.  கேப்டனாக ஒரு பதிலைத் தேடிப் பிடித்தார்.

"கப்பல்ல ஆள் பத்தாதுன்னு..."

விஜயராணி டைஸை அவர் பக்கம் நகர்த்தினாள். "பொய்யா இருந்தா அது பலிக்குமான்னு உருட்டணும் அங்கிள்."

அதைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை.

"வராதுன்னு சொல்லிட்டேன். உன்னையக் கேட்டா போறேன்னுதான் சொல்லுவே. அதுக்குப் பயந்துட்டுத்தான் கேக்கல. நீ இல்லாம இங்க என்ன இருக்குதுன்னு நெனச்சுட்டேன். தப்புத்தான் கண்ணு. ரொம்பத் தப்பு."

ஷமீமா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சனோபர் மெல்ல நிமிர்ந்தாள்.

"இது கேப்டன் சொல்றதுங்களா, நீங்க சொல்றதுங்களா அத்தா?"

"எனக்குத் தெரியல கண்ணு. மொதல்ல இருந்தே எனக்கு ஒண்ணும் புரியல."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அடுத்த துறைமுகத்துல எறங்கிக்கறேன்" என்றாள்.

பாரூக் மறுபடியும் திணறினார். மேப்பைப் பார்த்தார், விஜயராணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"செரி, எறங்கிக்க" என்றார்.

"பெங்களூர்ல வேற வேல கெடச்சிருக்குதுங்கத்தா. ஒண்ணாந்தேதி சேரச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்டச் சொல்லாமயே போயிரலாம்னு இருந்தேன்."

ஆக, ஷமீமாவுக்குத் தெரியும். ஆச்சரியப்படாத விஜயராணிக்கும் தெரியும். தெரியாதவர் இந்த மேசையில் அவர் ஒருவர்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. சொல்லாமல் போயிருந்தால் காலையில் எழுந்து அவளுடைய காலி அறையைப் பார்த்திருப்போமே என்பது மட்டும்தான் வந்தது. 

"டிக்கெட் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"ஸ்டேஷனுக்கு நான் வரலாமா?"

மகளிடம் அவர் இப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. 

"வாங்கத்தா" என்றாள். "பெட்டி கனமா இருக்குது."