வட்ட ஓட்டை இல்லாத போன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதல் காம்பிராவில் ஒருவர் தும்மினால் பத்தாவது காம்பிராவிலிருந்து "நூறு" என்று குரல் வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பிரா; நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரைக்கும் போகவில்லை. கட்டிய வெள்ளைக்காரனுக்கு செங்கல் தீர்ந்ததா, மனசு தீர்ந்ததா, தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் நானும் நாகலெட்சுமியும் கல்யாணம் முடித்து இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினோம். எங்களுக்குள் பேச வேண்டியதை எல்லாம் தேயிலைக்குள் நடக்கும்போது பேசிக்கொள்வோம். வீட்டுக்குள் வந்தால் உப்பு, புளி, மழை, அவ்வளவுதான்.

பிறகு 2006 வைகாசியில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். அவள் புறப்பட்ட அன்று லயமே திரண்டு அக்கரப்பத்தனை பஸ் வரைக்கும் வந்தது. ஒருத்தர் பெட்டி கொடுத்தார், ஒருத்தர் சேலை கொடுத்தார், தோட்டத் தலைவர் அழகுமுத்து மாமா கொழும்பு வரைக்கும் கூடவே போய் விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தார். நன்றியில்லாமல் சொல்லவில்லை, எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் குரலில் எல்லாருக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஆறரைக்கு அவள் கூப்பிடுவாள். வாசல் இஸ்தோப்பில் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட வேண்டும். பத்துக் காம்பிரா ஆட்களும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு தனியாகப் பேசினால் மற்றவர்களைப் பற்றி ஏதோ புறணி பேசுகிறான் என்று அர்த்தம். ஒரு தடவை நான் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் போனேன். ஒரு வாரம் பக்கத்துக் காம்பிராவில் என்னோடு யாரும் பேசவில்லை. எங்கள் அம்மா வீரம்மா, பக்கத்துக் காம்பிராக்காரர்கள் சார்பாகவும் சேர்த்து என்னை ஏசினாள்.

ஆகவே கல்யாணம் முடித்த பெண்சாதியோடு இரண்டு வருஷமாக நான் பேசியது மொத்தம் நாலு வசனம். சாப்பிட்டியா, மழை, சுகமா, வைக்கிறேன். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு என்று சொல்ல எனக்கு ஆசை. அதைப் பத்துக் குடும்பத்துக்கு நடுவில் வாளியைப் பார்த்துச் சொல்ல வெட்கம். கட்டின பெண்சாதியை வா என்று சொல்ல வெட்கப்பட்டவன் நான், என்னைப் பற்றி இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008 பங்குனியில் பூரணி வந்தாள். நோட்டன் பிரிட்ஜ்காரி, குவைத்தில் நாகு வேலை செய்யும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு லீவில் வந்தவள். ஒரு போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பெரிய திரை, ஃபோட்டோ எடுக்கலாம், குரல் பதியலாம். நாகுவின் மேடத்துடைய மகன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. அதோடு வந்த காது வயரை மட்டும் அவன் தொலைத்துவிட்டானாம்.

"அக்கா உள்ள பேசி வச்சிருக்காங்க அண்ணே. காதுல மாட்டிக் கேக்கச் சொன்னாங்க. ஒங்கள மட்டும்," என்று மெல்லச் சொன்னாள் பூரணி.

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் லயத்தில் மெல்ல என்று ஒன்று கிடையாது. பூரணி தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது. "நாகு பேசி அனுப்பியிருக்காம்!" என்று ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன்.

'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அதற்கு அடியில் யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம். நாலு நிமிஷமும் அதேதான்.

"ஒண்ணும் பதியல," என்றார் அழகுமுத்து மாமா. "பாவம், புள்ளைக்கு அமுக்கத் தெரியல போல." எல்லாரும் எழுந்து போனார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

பிறகு நான் தனியாகத் தேயிலைக்குள் போய், போனின் ஸ்பீக்கரைக் காதோடு அழுத்திக் கேட்டுப் பார்த்தேன். இரைச்சலுக்கு நடுவில் "ஏங்க, கேக்குதா" என்று இரண்டே வார்த்தை பிடிபட்டது. அவள் பேசியிருக்கிறாள். யாருக்கும் கேட்கக் கூடாதென்று அவ்வளவு ரகசியமாகப் பேசியிருக்கிறாள். என்னிடம் எஃப்எம் ரேடியோவின் காது வயர் இருந்தது. அதன் முனையில் வட்டக் குச்சி. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்தக் குச்சி போக எங்கேயும் வட்ட ஓட்டை இல்லை. கீழே தட்டையாக, சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு வாய் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அட்டனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே போன் கடை வைத்திருந்த கஜதீபன் யாழ்ப்பாணத்துப் பொடியன். போனைக் கையில் வாங்கியதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"அண்ணை, இதில வட்ட ஓட்டை இல்லை. எல்லாம் இந்தத் தட்டை வாயாலதான். இதுக்கெண்டு சின்ன அடாப்டர் வயர் ஒண்டு இருக்கு. ஒரு பக்கம் போனில குத்திறது, மற்றப் பக்கம் உங்கட வயரைக் குத்திறது. இஞ்ச இல்லை, கொழும்பில சொல்லித்தான் எடுக்கோணும்."

"எப்ப வரும்?"

"அடுத்த கிழமை வாங்கோ. இப்ப சண்டையால வழியெல்லாம் செக்கிங்தானே, சாமான் வரப் பிந்துது."

ஒரு சாண் நீள வயருக்காக இவ்வளவு பெரிய போன் ஊமையாகக் கிடந்தது. அடுத்த ஞாயிறும் போனேன், வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்குள் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய, அவள் கூப்பிடும் முதல் வெள்ளி வந்துவிட்டது.

அன்று அவள் கூப்பிட்டபோது வழக்கம்போல வாளி, ஸ்பீக்கர், ஆட்கள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா முந்திக்கொண்டாள்.

"நாகு, நீ பேசி அனுப்புனத எல்லாரும் கேட்டோம் ஆத்தா! ரொம்ப சந்தோசம்!"

"எல்லாருமா அத்தை?" என்றாள் நாகு.

"ஆமாண்டி, எல்லாரும் ஒக்காந்துதான் கேட்டோம்."

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் மனசு நோகக் கூடாதென்று அம்மா சொன்ன பொய், அதை அத்தனை பேருக்கு முன்னால் உடைத்தால் அம்மாவின் மூஞ்சி என்னாவது என்று பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு அம்மா, இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்டிவிடலாம் என்றாள். அழகுமுத்து மாமாவும் அதுதான் நல்லது என்றார். நாகு இரண்டு பேருக்கும் 'ம்' கொட்டினாள்.

"அவரு என்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதே இல்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் காது சுட்டது. வா என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் என்னத்த சொல்றது. பெரியவங்க சொல்றாங்கல்ல. பாத்துச் செய்யி."

"சரிங்க," என்று போனை வைத்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கஜதீபன் சிரித்துக்கொண்டே அடாப்டர் வயரை நீட்டினான். ஒரு முனை தட்டை, மறு முனையில் வட்ட ஓட்டை. வாங்கிக்கொண்டு ஓடிப் போய் தலவாக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ்ஸில் அறுபது பேர் இருப்பார்கள். மடியில் சேவலோடு ஒரு கிழவர் என் மேல் சாய்ந்திருந்தார். இரண்டு வயரையும் தொடுத்து, காதில் மாட்டி, அமுக்கினேன்.

"ஏங்க, கேக்குதா? மேடம் தூங்குறாங்க. நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஒக்காந்து பேசுறேன், சத்தம் வெளிய போகாதுன்னு."

அந்த இரைச்சல் ஃப்ரிட்ஜ்.

"எனக்கு இங்க கொற ஒண்ணுமில்லீங்க. அடிக்கிறதில்ல, பட்டினி போடுறதில்ல. அப்படி ஏதாச்சும் இருந்தா சொல்றது லேசு. ஒரு காரணமும் இல்லாம வீட்டுக்கு வரணும்னு இருக்கு, அத எப்படி எல்லாரு முன்னாலயும் சொல்றது? அதான் இதுல சொல்றேன். மறுபடி ரெண்டு வருசத்துக்கு எழுதித் தான்னு மேடம் பேப்பர் வச்சிருக்காங்க. அத்தை இருன்னுதான் சொல்லுவாங்க. தலைவர் மாமாவும் அப்படித்தான். அவங்க சொன்னா நான் சரிம்பேன், வேற என்னா சொல்றது. அப்பறம் நான் கேப்பேன், அவரு என்னா சொல்றாருன்னு. அப்ப நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா வேற யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரே ஒரு வார்த்த போதும்."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

அவள் கேட்டாள். நான் 'பாத்துச் செய்யி' என்றேன். அதுவும், ரகசியமாகப் பதிந்து அனுப்பியதை லயமே கூடிக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். அவளுடைய ஆசையைச் சபையில் வைத்து, ஆளாளுக்கு வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா கேட்டோம்னு பொய் சொன்ன?"

"பாவம்டா, கஷ்டப்பட்டு பேசியிருக்கு. ஒண்ணும் பதியலன்னு சொன்னா மொகம் வாடிப் போயிரும்ல," என்றாள்.

அவளை என்ன ஏசுவது? அவள் சொன்னது ஒரு பொய்தான். நான் சொல்லாமல் விட்டதுதான் பெரிசு.

திருப்பிக் கூப்பிட வழியில்லை. நாகுவிடம் சொந்தப் போன் கிடையாது, லீவு நாளில் கடையிலிருந்துதான் பேசுவாள். மேடம் வீட்டு நம்பருக்கு எடுத்தால் அவள் வேலைக்கே ஆபத்து. சொல்லி அனுப்பலாமென்றால் பூரணியும் இன்னும் திரும்பிப் போகவில்லை. அடுத்த மாதத்து முதல் வெள்ளி வரைக்கும் தினமும் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேலைக்கு நடக்கும்போது அந்த நாலு நிமிஷத்தைக் கேட்டேன். குத்தி எடுத்து, குத்தி எடுத்து, அடாப்டரின் வாய் தளர்ந்துபோய்விட்டது. விரலால் அழுத்திப் பிடித்தால்தான் குரல் வரும்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என் சிம்மைப் புதுப் போனில் போட்டிருந்தேன், ஆனால் அதை வாளியில் வைக்கவில்லை. காதில் வயரை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றேன்.

"என்னாடா இது?" என்றாள் அம்மா.

"ஸ்பீக்கரப் போடுப்பா," என்றார் அழகுமுத்து மாமா.

"இன்னைக்கி போட மாட்டேன் மாமா. நான் பேசுறது ஒங்க எல்லாருக்கும் கேக்கும். அது பேசுறது எனக்கு மட்டும்."

யாரும் எழுந்து போகவில்லை, அது ஒரு ஆச்சரியம். போன் அடித்தது. தட்டை வாயை விரலால் அழுத்திக்கொண்டேன்.

"நாகு, நீ அனுப்புனத அன்னைக்கி யாருமே கேக்கல. சத்தம் வரல. அம்மா ஒன் மனசுக்காகச் சொல்லுச்சு. நான் பொறவுதான் கேட்டேன். நீ வந்துரு."

சொல்லிவிட்டேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்க," என்றாள் நாகு. "அன்னைக்கே. போன வச்ச கையோட."

"ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசம்."

சுற்றி நின்றவர்களுக்கு நான் கேட்டது மட்டும்தான் கேட்டது. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன்.

"அங்க யாரு யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும்."

"அத்தை?"

"இருக்காங்க."

"தலைவர் மாமா?"

"முன்னுக்குத்தான் நிக்கிறாரு."

"அப்பன்னா இன்னொருக்கா சொல்லுங்க. சத்தமா."

ஸ்டோரில் தேயிலை ரோலர் மெஷின் ஓடும்போது அதற்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. "நீ வந்துரு நாகு!" என்றேன். கீழ் லயத்தில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். காதுக்குள் அவள் அழத் தொடங்கினாள். ஒரு சொட்டும் தவறிவிடக் கூடாதென்று, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.