இரண்டு ஸ்க்ரூ

மிக்ஸி வாங்கத்தான் வந்தார்கள். தாம்பரம் கடைக்குள் நுழைந்ததும் கோகிலவாணியின் கால்கள் மட்டும் செல்போன் மேசைப் பக்கம் போய்விட்டன. வரிசையாக எரிந்துகொண்டிருந்தவற்றில் மூன்றாவது, அவள் போன்.

அவள் போன் என்றால் வாங்கியதல்ல, செய்தது. செய்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக, வலது கீழ்மூலையில் இரண்டு ஸ்க்ரூ வைக்கிறாள், பெல்ட் நகர்ந்துவிடும். ஒரு போனுக்குப் பதினோரு நொடி. எட்டு மணி நேரமும் நின்றபடியே. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கிவிட்டு, மாற்றாள் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். கழுத்துக்குத் தினமும் தைலம். அதெல்லாம் போகட்டும், அவளுக்கு ஒரே ஒரு குறைதான். அவள் கைக்கு வரும்போது அது வெறும் கறுப்புத் தகடு. எரிந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெற்றவள் பிள்ளை சிரித்துப் பார்க்கவில்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

“இன்னா வாணி, மிக்ஸி அந்தாண்ட கீது,” என்றான் புருஷன் சக்திவேல்.

“ஒரு நிமிஷம் இருய்யா.”

எடுத்தாள். கட்டைவிரல் தானாகவே கீழ்மூலையை அழுத்தித் தடவியது. விற்பனையாளர் கேஷவ் பதறி வந்தார். “அழுத்தாதீங்க மேடம். நாப்பத்திரெண்டாயிரம்.”

“உள்ள ரெண்டு ஸ்க்ரூ இருக்குது சார். நான் போட்டது.” சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“நைட் ஷிப்ட்காரி போட்டிருந்தா?” என்று சீண்டினான் சக்திவேல்.

“என்னுதுதான். மூலை ஆடுதா பாரு.”

“நாப்பத்திரெண்டாயிரத்துல இவ கழுத்துவலிக்கு எவ்ளோ போட்டுகீறீங்க சார்?”

“அது பில்லுல வராது சார்,” என்று சிரித்த கேஷவ், அவளைத் திரும்பிப் பார்த்தார். “நாலு வருஷமா விக்கிறேன் மேடம். செஞ்சவங்களை இன்னிக்குத்தான் பாக்கிறேன். அப்படியே நில்லுங்க.”

அந்த போனிலேயே படம் எடுத்தார். எடுத்த படத்தை அதன் திரை முகப்பிலேயே வைத்தார். “மேனேஜர் பாக்கிற வரைக்கும் இருக்கட்டும்.”

சந்தோஷத்தில் எந்த மிக்ஸி வாங்கினோம் என்றே அவளுக்கு நினைவில்லை. வெளியே பெட்டியோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது, சக்திவேலின் தோளைப் பிடித்து எம்பி, கடைக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மூன்றாவது போனைக் கையில் எடுத்தார். பல் தெரியச் சிரிக்கும் வாணி பளிச்சென்று எரிந்தாள். அவர் விலை அட்டையைப் பார்த்தார். பிறகு, மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார்.