உறுமாத சிங்கக்குட்டி

நெய்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விஜயகுமாரி "லைன் பிஸி சார், வையுங்க" என்று சொன்னால் சீஃப் இன்ஜினியரானாலும் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுவார். கோவில்பட்டிக்காரி. மகன் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க, குவார்ட்டர்ஸில் அவளும் புருஷன் ஜெயராமனும்தான். எந்தக் காரியத்தையும் முதலில் செய்து முடித்துவிட்டுத்தான் வீட்டில் சொல்வது அவள் வழக்கம். பூனை வந்ததும் அப்படித்தான்.

சுரங்கத்துக்கு வந்த புது இயந்திரங்களைப் பூட்டிக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். அவர் மனைவி ஹெல்கா, ஊரிலிருக்கும் அம்மாவோடு பேசுவதற்கு வாராவாரம் டிரங்க் கால் போடுவாள். லைன் கிடைக்கும்வரை விஜயகுமாரியோடு அரைகுறை இங்கிலீஷில் பேசிப் பேசியே இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். எண்பத்து நாலில் அந்த இன்ஜினியருக்கு ஏதோ அரபு தேசத்தில் வேலை மாறியது. அந்த வெயிலுக்குப் பூனையைக் கொண்டுபோக முடியாது என்று ஹெல்கா அழுதாள். வழியனுப்ப வந்த பெண்கள் எல்லாரும் பூனையைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"என்கிட்ட கொடுங்க, நான் வளர்க்கிறேன்" என்றாள் விஜயகுமாரி.

ஷிப்ட் முடிந்து வந்த ஜெயராமன் தன் சாய்வு நாற்காலியில் அது படுத்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது என்ன?"

"பூனை."

"பூனையா? ஆட்டுக்குட்டின்னு சொல்லு, நம்புறேன்."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. தூக்கினால் ஏழு கிலோவுக்குக் குறையாது. பழுப்பு உடம்பில் கறுப்பு வரி. கழுத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி பிடரிமயிர், நெஞ்சில் வெள்ளைத் தாடி மாதிரி இறங்கியிருக்கும். காது நுனியில் குச்சம் கட்டியதுபோல் மயிர். கால்விரல் இடுக்கிலெல்லாம் ரோமம் புடைத்துக்கொண்டு நிற்பதால் நடந்தால் சத்தமே வராது. பின்னங்கால் முன்னங்காலைவிட நெடியது என்பதால் நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும். வாலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நார்வே தேசத்துப் பனிக்காட்டில் உருவான ஜாதி என்று ஹெல்கா சொல்லியிருந்தாள். பெயர் ஓலாஃப். இரண்டாம் நாளே அது ஒலப்பனாகிவிட்டது.

அந்த உடம்புக்கு ஒரு கம்பீரமான குரலை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். குருவிக்குஞ்சு மாதிரி "மிய்" என்று ஒரு கீச்சு. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அம்சவல்லி, அருகிலுள்ள வடக்குத்து கிராமத்துக்காரி. புறக்கடையில் கோழி வளர்ப்பவள். வேலியோரம் வந்து நின்று கேட்டாள்: "இன்னாக்கா, காட்டுப்பூனையாமே? என் கோழிங்கள தின்னுகினு திரிஞ்சா நா இன்னா பண்றது?"

"காட்டுப்பூனை இல்ல அம்சவல்லி. முப்பாட்டன் காட்டுல இருந்தான். இவன் குவார்ட்டர்ஸ் ஆளு. கோழி போச்சுன்னா என்னைக் கேளு."

கோழி போகவில்லை. எலிதான் போயிற்று. அரிசி மூட்டையைச் சுற்றி ஓடிய எலிகளும், புறக்கடை வளையில் குடித்தனம் நடத்திய பெருச்சாளியும் ஒரே மாதத்தில் காலி. அம்சவல்லியே மீன் கழுவும்போது தலையையும் செதிலையும் எடுத்து வைத்து, "ஒலப்பா, வாடா" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஜெயராமனுக்குத்தான் தொல்லை. அவன் சகுனம் பார்க்கிறவன். பூனை குறுக்கே போனால் திரும்ப வீட்டுக்குள் வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவான். ஒலப்பனோ, யார் வெளியே கிளம்பினாலும் வாசல்வரை கூடவே வந்து, காலை உரசி, முன்னால் ஓடி, குறுக்கே படுத்து வழியனுப்புகிற ரகம். மடியில் வந்து உட்காராது. தூக்கினால் நெளிந்து இறங்கிவிடும். ஆனால் மனிதர் இருக்கும் அறையில்தான் அதுவும் இருக்கும். ஜெயராமன் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். அது மறுபடியும் குறுக்கே போகும். ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

அவன் லேட்டாக வருவதன் காரணம் சுரங்கத்தில் அவன் வேலை பார்த்த கன்வேயர் செக்ஷன் முழுக்கத் தெரிந்துபோயிற்று. கூட வேலை பார்க்கும் ராயப்பன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எப்பவாவது குறுக்கே போனா அது சகுனம்ப்பா. தினமும் போனா அது போக்குவரத்து."

மறுநாளிலிருந்து ஜெயராமன் தண்ணீர் குடிக்கத் திரும்பவில்லை. ஆனாலும் பூனையைக் கையால் தொட்டதில்லை.

கத்திரி வெயில் வந்தது. தார் ரோடு காலில் ஒட்டியது. ஒலப்பன் குளியலறையின் ஈரத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. ஜெயராமனே பொறுக்கமாட்டாமல், "மயிரை ஒட்ட வெட்டிவிட்டுரலாம் விஜயா. பாவமா இருக்கு" என்றான்.

"கத்திரிக்கோலை எடுத்தீங்க, கெட்டது. எப்போ கழட்டணும்னு அதுக்குத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. உள்ளே கம்பளி மாதிரி இருந்த அடிமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. சாம்பார் தவிர வீட்டில் எல்லாவற்றிலும் பூனைமயிர். சாம்பாரிலும் இருந்தது என்பான் ஜெயராமன். பிடரி போய், வயிறு ஒட்டி, ஒலப்பன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெலிந்து நின்றது. ஐப்பசி மழையில் மற்ற பூனைகள் சன்ஷேடுக்கு அடியில் ஒடுங்க, இது மட்டும் பலாமரத்தடியில் நனைந்துகொண்டே ஓணான் பார்க்கும். மேல்மயிரில் எண்ணெய்ப் பசை. உள்ளே வந்து ஒரு உதறு உதறினால் அடிமயிர் காய்ந்திருக்கும். மார்கழி பிறந்தபோது பிடரி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்து, அது ராஜா மாதிரி நடந்தது.

பொங்கல் நெருங்கிய ஒரு நாள், பிளாக்குக்குப் பின்னாலிருந்த முந்திரித் தோப்புக்குப் போன ஒலப்பன் திரும்பி வரவில்லை.

"வந்துரும்" என்றான் ஜெயராமன். சொல்லிவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் முழுக்கச் சுற்றினான். மறுநாளும் ஷிப்ட் முடிந்து சுற்றினான். விஜயகுமாரி அதைக் கவனித்தாள். அவளுக்கு வேறு வழி இருந்தது. வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் என்று எந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு லைன் கொடுத்தாலும், வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "பிடரிமயிர் உள்ள பெரிய பூனை ஒண்ணு அந்தப் பக்கம் வந்ததா?"

சேத்தியாத்தோப்பு ஆபரேட்டர் ராஜாம்பாள்தான் பதில் சொன்னாள். ஆறேழு வருஷமாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள், நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, பூனை தெரியாது. சந்தையில கூடாரம் போட்டு இமயமலைச் சிங்கக்குட்டின்னு ஒண்ணைக் காட்டுறாங்க. எங்க வீட்டுக்காரர் போய்ப் பார்த்தாரு. சிங்கம் அவர் கையை நக்கிச்சாம்."

"கையை நக்கிச்சா? அப்போ அது நம்ம பயதான்" என்றாள் விஜயகுமாரி.

மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினார்கள். ஜெயராமன் வழியெல்லாம், "போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம். சந்தைக்காரன் எப்படிப்பட்ட ஆளோ" என்றே வந்தான்.

"நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

பொங்கல் சந்தை. கரும்புக்கட்டும் மஞ்சள்கொத்தும் வழியை அடைத்திருந்தன. ஓரத்தில் ஒரு பெரிய வேப்பமரத்தோடு சேர்த்துச் சாக்குக் கூடாரம். வெளியே தட்டியில் வாயைப் பிளந்த சிங்கத்தை வரைந்து, இமயமலைச் சிங்கக்குட்டி என்று எழுதியிருந்தது. பெரிய மீசை வைத்த ஒல்லியான ஆள் ஒருவன், தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தான். அவன் பெயர் சாமிக்கண்ணு என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

"பக்கத்துல போவாதீங்க! உறுமுச்சுன்னா காது கிழிஞ்சிரும்!"

உள்ளே மூங்கில் கூண்டில், வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது ஒலப்பன். கழுத்தில் சிவப்புத் துணி. ஒரு குழந்தை மூங்கில் இடுக்கில் கைவிட்டுத் தாடியைப் பிடித்து இழுத்தது. ஒலப்பன் தலையைச் சாய்த்துக் கொடுத்தது.

"மிய்" என்றது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விஜயகுமாரி கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது என் பூனை. கூண்டைத் திறங்க."

சாமிக்கண்ணு தகரக் குழாயைக் கீழே வைத்தான். "பூனையா? அம்மா, நா இத ஒருத்தன்கிட்ட துட்டு குடுத்து வாங்கிகினு வந்தேங்க. உங்குளுதுன்னு இன்னா அத்தாட்சி?"

"விரல் இடுக்குல மயிர் இருக்கும். காது நுனியில குச்சம். பின்னங்கால் நீளம்."

"அதெல்லாம் இங்க நிக்கிற அத்தினி பேருக்கும் கண்ணுக்குத் தெரியுதே."

அவன் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. ஒரு கணம் யோசித்தாள். "சரி. கதவைத் திறந்து விடுங்க. எங்ககிட்ட வந்தா எங்களுது. வராட்டி நாங்க பஸ் ஏறிப் போயிடுறோம்."

ஜெயராமன் அவள் முழங்கையைப் பிடித்தான். "விஜயா, ஓடிப்போச்சுன்னா?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் "தொற, தொற" என்று கத்த, சாமிக்கண்ணு வேறு வழியில்லாமல் கூண்டை வெளியே தூக்கிவந்து கதவைத் திறந்தான்.

ஒலப்பன் நிதானமாக வெளியே வந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. அந்த நேரம் பார்த்து எவனோ விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். அவ்வளவுதான்; பழுப்பாய் ஏதோ பறந்த மாதிரி இருந்தது. பார்த்தால் வேப்பமரத்தின் உச்சிக் கவட்டையில் வால் மட்டும் தொங்கியது.

"போச்சு!" சாமிக்கண்ணு தலையில் கைவைத்தான். "பூனைக்கு ஏறத்தாங்க தெரியும். எறங்கத் தெரியாது. பின்பக்கமா சறுக்கிகினு வந்து பாதியில வுழும். ஏணி கொண்டாங்கப்பா!"

"ஏணி வேண்டாம்" என்றாள் விஜயகுமாரி. எக்ஸ்சேஞ்சில் பேசும் அதே குரல். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. யாரும் சத்தம் போடக்கூடாது. அது தலைகீழா இறங்கி வரும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஹெல்கா சொன்னதுதான். குவார்ட்டர்ஸ் பலாமரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து அது நேராகக் குதித்துவிடும். இந்த வேப்பமரமோ பனை உயரத்துக்கு நின்றது. விழுந்துவிடுமோ என்ற பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நாக்கை மேலண்ணத்தில் தட்டி, சோறு வைக்கும்போது கூப்பிடுகிற மாதிரி, "ஒலப்பா" என்றாள்.

மேலேயிருந்து கீச்சென்று பதில் வந்தது. சந்தையே அண்ணாந்து பார்த்தது. கரும்பு விற்கிறவன் கரும்பைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

இலைகளுக்கு நடுவிலிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு தாடி. முன்னங்கால் இரண்டையும் பட்டையில் ஊன்றி, பின்னங்கால் நகத்தால் மரத்தைக் கவ்விக்கொண்டு, அணில் இறங்குகிற மாதிரி, தலை கீழே வால் மேலே, ஒலப்பன் இறங்கியது. நேராக வராமல் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டு மாடிப்படியில் இறங்குகிற பெரிய மனுஷன் மாதிரி வந்தது. "யப்பா!" என்று யாரோ மூச்சை விட்டார்கள். வேரில் கால் வைத்ததும் அது விஜயகுமாரியைக் கடந்து போய், ஜெயராமனின் முழங்காலில் தலையால் முட்டியது.

"அம்மா, உங்ககிட்ட வரலீயே!" என்றான் சாமிக்கண்ணு.

"எங்ககிட்டன்னுதானே சொன்னேன்? அவர் யாரு, பக்கத்து ஊர்க்காரரா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. ஜெயராமன் குனிந்து, பெரிய பலாப்பழத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பூனையை அள்ளித் தோளில் போட்டான். மடியில் நிற்காத அந்தப் பூனை நெளியவே இல்லை. விஜயகுமாரி அவனையே பார்த்தாள்.

"என்ன பார்க்கிற? நீ டியூட்டிக்குப் போனப்புறம் நெத்திலி வறுத்துப் போடுறது யாருன்னு நினைச்சே?" என்றான்.

"அதான் எண்ணெய் சீக்கிரமா தீருதா?"

சாமிக்கண்ணு கூண்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். கோபமில்லை, களைத்துப்போயிருந்தான். "எடுத்துகினு போங்கம்மா. வந்த நாள்லேந்து ஒரு உறுமல் கெடையாது. பசங்க மூக்குல வெரல வுட்டாலும் சும்மா கண்ண மூடிகினு குந்திகினு இருக்குது. ஆனா ஒண்ணுங்க, ஒரு வேள பட்டினி போடல. பாலும் கருவாடும் வெச்சேன்."

அது உண்மை என்று பிடரியைத் தடவியதுமே அவளுக்குத் தெரிந்தது. சிக்கு ஒன்றுகூட இல்லை. யாரோ சீப்பு வைத்து வாரியிருந்தார்கள். திட்டுவதற்கென்று பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அங்கேயே நின்றுபோயின.

"சிங்கம்னு ஏன் எழுதினீங்க? பெரிய பூனைன்னே எழுதியிருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாங்களே. அது இறங்குறதை மட்டும் காட்டியிருந்தா ஊரே வந்திருக்கும்."

"அது எறங்கும்னு எனக்கு இன்னாங்க தெரியும்" என்றான் அவன், மரத்தை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்து.

திரும்புவதற்கு முன் அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனார்கள். ஜன்னலோரம் காதில் ஹெட்போனோடு ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கணீரென்ற குரலைக் கேட்டுக் கேட்டு, ராஜாம்பாளை நெடுநெடுவென்று நினைத்து வைத்திருந்தாள் விஜயகுமாரி. நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கால் தரையில் எட்டவில்லை.

"நெய்வேலி பேசுறேன்" என்றாள் விஜயகுமாரி, கதவருகில் நின்று.

ராஜாம்பாள் பழக்கத்தில் பிளக்கை எடுத்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்த்தாள். வாயில் கைவைத்தாள். "அக்கா! ஐயோ, நீங்க கண்ணாடி போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்!"

"நான் உன்னை ஆறடின்னு நினைச்சேன்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒலப்பன் ஜெயராமனின் தோளிலிருந்து இறங்கி, மேஜைமேல் ஏறி, போர்டுக்கு முன்னால் நீளமாகப் படுத்துக்கொண்டது. அந்த நேரம் போர்டில் அழைப்பு விளக்கு ஒன்று எரிந்தது. ராஜாம்பாள் முகத்தை மறைத்த வாலை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, "சேத்தியாத்தோப்பு" என்றாள், சிரிப்பை அடக்கிய குரலில்.

ஜெயராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நெய்வேலி பஸ் புறப்படும் நேரம். வெளியே ஹாரன் கேட்டது.

"அடுத்த பஸ்ஸுல போவோம்" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.