குந்தச் சொல்லும்வரை

நேர்மை நூற்றுக்கு எத்தனை என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சான்றிதழ் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் சென்னை நிறுவனம் ஒன்று கல்லூரி மாணவர்களுக்கு இணையவழியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தது. மூன்றாம் நாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. ஆகவே நான் இரண்டே நாளில் தேர்ச்சி பெற்றவன். பி.காமில் எனக்கு இரண்டு அரியர் இருப்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சென்ற ஞாயிறு என்னை மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மலைமக்கள் சட்டத் துணை மன்றம் என்று ஒரு மனித உரிமை அமைப்பு. வேலைக்கென்று கூட்டிப்போய், கூலியும் தராமல் ஊருக்கும் விடாமல் வைத்திருக்கும் இடங்களிலிருந்து ஆட்களை மீட்டு வருவார்கள். அவர்களுக்குப் பணம் தரும் நன்கொடையாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அறுபது மதிப்பெண் வந்தால் பணம் தொடரும், இல்லையென்றால் இத்தோடு சரி. பணம் நின்றால் வக்கீலும் நின்றுவிடுவார். வெளிமாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து மீண்டு வந்த பூபாலன் உள்ளிட்ட பன்னிரண்டு பேரின் இரண்டு வருடக் கூலி வழக்கு அடுத்த மாதம் வருகிறது. அதற்கு வாதாட ஆள் இருக்காது.

மன்றத்தின் தலைவி சாந்தம்மாள், பூபாலனின் அக்கா. பலா மரத்தடியில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். நான் படிவத்தைப் பிரித்தேன்.

"இணையதளம் இருக்குதா?"

"டவரே இல்ல சார்."

சுழியம்.

"நிர்வாகிங்களோட சொந்தக்காரங்க யாராச்சும் பலன் அடைஞ்சிருக்காங்களா?"

"என் தம்பியத்தான மீட்டுக்னு வந்தோம்."

"அது மைனஸ் மார்க்கும்மா."

"இந்த மலையில யாரு சார் யாருக்கு ஒறவு இல்ல? ஒறவு இல்லாத ஆளு வேணும்னுதான் வக்கீல வாணியம்பாடிலேர்ந்து கூட்டிக்னு வந்திருக்கோம்."

வாணியம்பாடி வக்கீல் மர்யம் அப்போது ஒரு நோட்டோடு வந்து கூட்டத்தின் நடுவில் நின்றார். தொண்ணூறு பேர் இருக்கும், சுற்றிலும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாசக் கணக்கு சார்," என்றார் சாந்தம்மாள். "காச தொட்டவங்க நின்னுக்னுதான் சொல்லணும். எல்லாரும் 'குந்து'ன்னு சொல்ற வரைக்கும் குந்தக் கூடாது. போன மாசம் நானு ஒன்ற மணி நேரம் நின்னேன்."

நான் சிரித்துவிட்டேன். "எங்க ஸ்கூல்ல ஹோம்வொர்க் பண்ணாதவனத்தான் இப்டி நிக்க வெப்பாங்க. கணக்குன்னா ஆடிட்டர் வேணும்மா, ஆடியன்ஸ் இல்ல."

மர்யம் ஆரம்பித்தார். பஸ் இவ்வளவு, ஜெராக்ஸ் அறுபத்திரண்டு பக்கம், டீ இரண்டு.

"நிறுத்துங்கம்மா," என்றார் முன்வரிசையிலிருந்த சின்னக்குழந்தை. மடியில் பலாச்சுளையும் கையில் கத்தியுமாக உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண்மணி. "ரெண்டு டீ யாருக்கு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு பூவிழிக்கு."

"பூபாலன் பொண்டாட்டிக்கா? அவதான் டீ குடிக்க மாட்டாளே!"

தொண்ணூறு தலைகள் திரும்பின. பின்வரிசையில் பூவிழி எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு குடிச்சேங்க்கா! கேசுக்கு தேதி குடுத்துட்டாங்கன்ற சந்தோசத்துல குடிச்சிட்டேன்!"

"எப்டி இருந்துச்சி?"

"சக்கர பத்தல!"

மரத்தடியே சிரித்தது. பூபாலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "குந்து, குந்து, குந்துங்கம்மா," என்று நாலா பக்கமும் குரல் எழ, மர்யம் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சின்னக்குழந்தை கத்தியை என் பக்கம் நீட்டினார். "இந்த சார் இன்னா செலவு பண்ணாரு?"

"நான் மதிப்பீட்டாளர்," என்றேன். "மதிப்பிடுறவங்கள மதிப்பிடுற வழக்கம் எங்கயும் இல்லீங்க."

"அப்டியா? படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எனக்கு ஒரு சுளையை நறுக்கிக் கொடுத்தார். அந்தச் சுளை நன்றாக இனித்தது. அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சாந்தம்மாள் என் இலையருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி சார் வந்திச்சி?"

"நாப்பத்தேழு."

அவர், மீண்டு வந்த பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க," என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

கை கழுவிவிட்டு வந்து படிவத்தின் கடைசிக் கேள்வியைப் படித்தேன். நாற்பதாவது. 'பட்டியலில் இல்லாத நல்ல நடைமுறை ஏதேனும் உண்டா? மதிப்பீட்டாளர் தாமே சோதித்துப் பார்த்திருந்தால் பதினைந்து மதிப்பெண் வரை வழங்கலாம்.'

நாற்பத்தேழும் பதினைந்தும் அறுபத்திரண்டு. பயிற்சியில் இரண்டு நாள்தான் இருந்தேன் என்றாலும் கூட்டலை நான் விட்டுவிடவில்லை.

நின்று கணக்குச் சொல்லும் வழக்கத்தைச் சோதித்தேன் என்று எழுதினால் போதும். சென்னையிலிருந்து மலையேறி வந்து யாரும் கேட்கப்போவதில்லை. பேனாவைத் திறந்தேன். மூடினேன். சென்னைக்கு அனுப்பப் படிவத்தோடு மடித்து வைத்திருந்த என் பயணப் பில்லையும் எடுத்துக்கொண்டு போய், மர்யம் நின்ற இடத்தில் நின்றேன்.

சாப்பிட்டு முடித்தவர்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஷேர் ஜீப்பு," என்றேன். "வர்றதுக்கு அறுவது ரூபா. போறதுக்கு அறுவது."

"பில்லுல இன்னா போட்டிருக்கீங்க?" என்றார் சின்னக்குழந்தை.

"வாடகைக் காரு. ரெண்டாயிரத்து நானூறு."

யாரும் சிரிக்கவில்லை. அதைவிடச் சிரித்திருந்தால் தேவலை.

பூபாலன்தான் வாயைத் திறந்தான். "அடிச்சிட்டு எழுதுங்க சார். நாங்களும் அப்டித்தான் எழுதுவோம்."

முழங்காலில் தாளை வைத்து அடித்தேன். நூற்றிருபது என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

"மத்தியானச் சாப்பாடு?" என்றார் சின்னக்குழந்தை.

"முன்னூறு போட்டிருக்கேன்."

"எங்க சாமச் சோத்துக்கா?" என்று பூவிழி கத்தினாள். "ஏங்க்கா, நாம ஓட்டலு வெச்சிருக்கலாம்!"

இப்போது சிரித்தார்கள். மர்யம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாந்தம்மாள் பொத்திக்கொள்ளவே இல்லை. அதையும் அடித்தேன். பிறகு நின்றபடியே நாற்பதாவது கட்டத்தில் பதினைந்து என்று எழுதினேன்.

குந்தச் சொல்வார்கள் என்று முகங்களைப் பார்த்தேன். சின்னக்குழந்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கேள்விக்கு மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.