நிவாரணத் தண்ணீர்

அப்பா இறந்து ஐந்து மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது. பெரியம்மா வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அவள் பிடித்து இழுத்தாள். பாதித் தண்ணீர் பெரியம்மாவின் மடியில் கொட்டியது.

"கொதிச்ச தண்ணி தரேன் பெரியம்மா. ஒரு நிமிஷம்."

"செத்த வீட்டுல ஒரு வாய் தண்ணிக்கு அடுப்பு பத்த வைக்கணுமா? படிச்ச திமிருடி உனக்கு."

அவள் சமையலறைக்குப் போனாள். காலையிலிருந்து அந்த அடுப்பை அவள் அணைக்கவில்லை.

குழாயில் தண்ணீர் நின்று நான்கு மாதம். வாரம் இருமுறை அரசு நிவாரண லாரி வந்து தெருமுனைத் தொட்டியை நிரப்பும். ஏரி வற்றிப்போனதால் போன வாரம் பழைய கல்குவாரிக் குழியிலிருந்து எடுத்தார்கள். புது இடம் என்பதால், பரிசோதனை முடியும்வரை லாரி வால்வுக்குப் பூட்டு. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பது அவள்தான். ஞாயிறு பிற்பகல் மாதிரி எடுத்தாள். திங்கள் காலை நல்ல தண்ணீர் என்று அவள் சீட்டு எழுதிக் கொடுத்ததும் பூட்டைத் திறந்தார்கள். புதன்கிழமை அப்பாவுக்கு வாந்தியும் பேதியும். முப்பத்தொன்பது மணி நேரத்தில் முடிந்துபோனது. தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் ஆட்கள் நோயில் படுத்திருந்தார்கள்.

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் விரல் நுனிகள் வெகுநேரம் நீரில் ஊறியவை போலச் சுருங்கியிருந்தன. உடம்பில் நீர் இல்லாமல் போனாலும் அப்படித்தான் ஆகும். அவள் அந்தக் கையைப் போர்வைக்குள் தள்ளினாள்.

வெளியே ஹாரன் கேட்டது.

"வந்துட்டான்யா!" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தினார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். அண்ணன்தான் முதலில் போனான்.

அவள் வாசற்படிக்கு வந்தபோது லாரி டிரைவரைக் கீழே இழுத்திருந்தார்கள். சாவி தையல்காரர் கையில் இருந்தது.

"எந்தச் சாக்கடையில புடிச்ச?" என்றான் அண்ணன்.

"அவங்க காட்டுன குழியிலதான் சார். பூட்டு போட்டுதான் நிறுத்தினேன். சீட்டு வந்தப்புறம்தான் தொறந்தேன்."

"சீட்டு எழுதினது என் தங்கச்சி. அவ கையெழுத்துல குறை இருக்காது. நீதான் நல்ல தண்ணிய வழியில வித்துட்டு எதையோ ரொப்பிக் கொண்டாந்திருக்க."

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்."

"நல்லா செய்யறாங்கப்பா நிவாரணம்," என்றார் தையல்காரர். "இனிமே தாகமே எடுக்காத மாதிரி அனுப்பி வைக்கறாங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அண்ணனை இன்னும் கிளறிவிட்டது. தெருத்தொட்டிக் குழாயைத் திருகி ஒரு செம்பு நிறையப் பிடித்தான்.

"நல்ல தண்ணிதானே? குடி. எங்க கண்ணு முன்னால குடி."

இரண்டு பேர் டிரைவரின் கைகளைப் பின்னால் மடக்கினார்கள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். வாசற்படியில் நின்ற அவளைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்கம்மா. நீங்க குடுத்த சீட்டு என் பையிலதான் இருக்கு."

அவள் ஒரு படி இறங்கினாள். பின்னாலிருந்து அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையிலிருந்து கண்ணைத் துடைத்த கை, சூடாக இருந்தது.

"உள்ள வா," என்றாள் அம்மா, மெதுவாக. "வாயத் தொறக்காத. போனவர் போயிட்டார்."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

செம்பு டிரைவரின் பல்லில் இடித்தது.

"அண்ணா, குடுக்காத!" அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. கையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "அவர் மேல தப்பு இல்ல."

"உனக்கு என்னடி தெரியும்? உள்ள போ."

"மருந்து போட்ட பாட்டில்ல தண்ணிய ஊத்தி நாப்பத்தெட்டு மணி நேரம் வச்சுப் பாக்கணும். கிருமி இருந்தா கறுக்கும். பதினெட்டு மணி நேரத்துலயே சீட்டு குடுத்துட்டேன். எல்லாரும் குடத்தோட வந்து லேப் கேட்ல நின்னீங்க. அப்பாவும் நின்னார்."

தையல்காரர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

"செவ்வாய்க்கிழமை காலைல போய்ப் பாத்தேன். கறுத்திருந்துச்சு."

"பாத்துட்டு என்ன பண்ணின?"

டிரைவரின் கைகளை விட்டுவிட்டார்கள். அவர் அங்கேயே நின்றார்.

"வீட்டுக்கு வந்து, நம்ம குடத்த மட்டும் கொட்டிட்டேன். வேற யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் அப்பா வந்தப்ப குடம் காலியா இருந்துச்சு. தெருத்தொட்டியில போய்க் குடிச்சுட்டு வந்தார்."